கேளாமலே தீர்ப்பா?

ஒருவன்மீது பிராது வந்தால், அவனை அழைத்து, "இதற்கு நீ என்ன சொல்லுகிறாய்?" என்று கேட்ட பிறகே தண்டனையைப் பற்றி யோசிப்பது நாகரிக சமூகங்கள் அனைத்தும் ஒப்புக்கொண்ட முறை. கிராமப் பஞ்சாயத்து முதல் சுப்ரீம் கோர்ட்டு வரையில் இதுவே நியதி. களவு போன மாட்டைத் தன் தொழுவத்தில் கட்டி வைத்திருப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக்கூட, அந்த மாட்டைச் சந்தையில் விலை கொடுத்து வாங்கியதாகச் சொல்லுவதற்கு அவகாசம் உண்டு. ஆனால் கோடிக்கணக்கான ஜனங்கள் பேசவும், பாடவும், எழுதவும் இன்று உபயோகித்து வரும் இணையத் தளங்களில், பதிப்புரிமை விஷயத்தில் மட்டும் இந்த முறை தலைகீழாக நடந்து வருகிறது. பிராது வந்தவுடன் தண்டனை, விசாரணை பிற்பாடு. அதுவும், தண்டனை பெற்றவன் விடாமல் கேட்டால்தான்.

இந்த ஏற்பாடு யாரோ கெட்ட எண்ணத்துடன் செய்த சூழ்ச்சி என்று நாம் சொல்ல வரவில்லை. இதற்கு மூலம் 1998-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் இயற்றப்பட்ட டிஜிட்டல் மில்லேனியம் காபிரைட் சட்டம். அப்பொழுது இணையம் வளர்ந்துகொண்டிருந்த காலம். பிறர் ஏற்றும் பாட்டுக்கும் படத்துக்கும் தளத்தை நடத்துகிற கம்பெனி பொறுப்பாகுமா, ஆகாதா என்ற கேள்வி எழுந்தது. சத்திரத்தில் இரவு தங்கியவன் மூட்டையில் திருட்டு நகை அகப்பட்டால், சத்திரக்காரரைச் சிறையில் தள்ளுவது நியாயமாகாது. ஆனால், நகைக்குரியவரே நேரில் வந்து சொன்ன பிறகும் சத்திரக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு பேசாதிருந்தால், அவருக்கும் அதில் பங்குண்டென்றே ஊரார் நினைப்பார்கள். அமெரிக்கச் சட்டத்தின் 512-ஆவது பிரிவு ஏறக்குறைய இந்த நியாயத்தைத்தான் எழுத்தில் வடித்தது. உரிமையாளர் எழுத்து மூலம் பிராது கொடுத்தவுடன் தளத்தார் அந்தப் பொருளை நீக்கிவிட்டால், அவர்கள்மீது நஷ்ட ஈட்டு வழக்குக் கிடையாது. நீக்கப்பட்டவர் தம் கட்சியைச் சொல்லி எதிர் அறிவிப்பு அனுப்பலாம். அதன் பிறகு பிராதுதாரர் கோர்ட்டுக்குப் போகாவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் பொருளைத் திரும்ப வைத்துவிட வேண்டும்.

காகிதத்தில் பார்த்தால் தராசு நேராகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அது எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைப் பார்ப்பதற்கு முன், பிராது கொடுக்கிறவர்களின் கஷ்டத்தையும் சொல்லிவிடுவது நியாயம். பல வருஷம் உழைத்து ஒருவர் எழுதிய நாவல், வெளிவந்த சில நாட்களுக்குள் மின்கோப்பாக மாறிக் கைக்குக் கை போய்க்கொண்டிருப்பதை நாம் காண்கிறோம். "இலவசமாகத்தானே கொடுக்கிறோம், காசா வாங்குகிறோம்?" என்று கேட்பவர்கள், அந்த எழுத்தாளர் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்று கேட்பதில்லை. தில்லியில் போட்டிப் பரீட்சைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவர், தம் பாடங்களும் புத்தகங்களும் டெலிகிராம் குழுக்களில் திருட்டுத்தனமாகப் பரவுவதைத் தடுக்க முயன்று களைத்துப் போனார். ஒரு குழுவை மூடினால் வேறு குழு முளைத்தது. கடைசியில் 2022-ஆம் வருஷத்தில் தில்லி ஹைகோர்ட், அந்தக் குழுக்களை நடத்துகிறவர்களின் விவரங்களை வெளியிடும்படி டெலிகிராம் கம்பெனிக்கு உத்தரவிட்டது. ஆகவே, பிராது கொடுக்கும் வழியை அடைக்க வேண்டும் என்பது நம் கட்சியன்று. எளியவர்களுக்கு அந்த வழி இன்னும் சுலபமாக வேண்டும்.

நம்முடைய ஆட்சேபமெல்லாம், ஒரு பக்கத்துக்கு ராஜபாட்டையும் மறுபக்கத்துக்கு முள்வேலியும் வைத்திருப்பதைப் பற்றியதே. இந்தப் பாட்டையில் யார் யார் நடந்து போனார்கள் என்பதற்கு அமெரிக்காவிலேயே தக்க சான்றுகள் உண்டு. 2003-ஆம் வருஷத்தில், வாக்குப் பதிவு இயந்திரங்களைச் செய்து விற்ற டீபோல்ட் என்ற கம்பெனியின் உள்விவகாரக் கடிதங்கள் வெளியாயின. இயந்திரங்களில் உள்ள குறைகள் அந்தக் கடிதங்களில் பேசப்பட்டிருந்தன. ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர்கள் சிலர் அவற்றை இணையத்தில் வைத்தார்கள். கம்பெனி குறைகளுக்குப் பதில் சொல்லவில்லை. கடிதங்களுக்குத் தனக்குப் பதிப்புரிமை உண்டென்று பிராது அனுப்பியது! ஜனங்கள் அளிக்கும் வாக்கு சரியாக எண்ணப்படுமா என்ற கேள்வியைவிட ஒரு குடியரசில் பெரிய பொதுவிஷயம் வேறென்ன இருக்க முடியும்? அந்தக் கேள்வியை, நாவல் திருடியவனைப் பிடிப்பதற்கென்று செய்த சட்டத்தைக் கொண்டு அமுக்கப் பார்த்தார்கள். மாணவர்கள் வழக்காடினார்கள். பொய்யான பிராது என்று தெரிந்தே கொடுக்கப்பட்டது என 2004-இல் நீதிபதி தீர்ப்பளித்தார். கம்பெனி 1,25,000 டாலர் கொடுக்க நேர்ந்தது.

இன்னொரு வழக்கு, கேட்பவர்களுக்குச் சிரிப்பை உண்டாக்கக் கூடியது, அனுபவித்தவருக்கு அப்படியிருந்திராது. பென்ஸில்வேனியா மாநிலத்துத் தாய் ஒருவர், தம் கைக்குழந்தை சமையலறையில் ஆடுவதை 29 விநாடிகள் படம் பிடித்து, 2007 பிப்ரவரியில் யூட்யூப் தளத்தில் ஏற்றினார். உறவினர் பார்ப்பதற்காகச் செய்த காரியம். பின்னணியில் பிரின்ஸ் என்ற பாடகரின் பாட்டு எங்கோ தெளிவில்லாமல் கேட்டது. யூனிவர்ஸல் இசைக் கம்பெனி ஜூன் மாதத்தில் பிராது கொடுக்க, வீடியோ நீக்கப்பட்டது. குழந்தையின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அந்த இசைத்தட்டை வாங்காமல் விட்டுவிடுவார்களென்று யாரும் நம்பியிருக்க முடியாது. அந்தத் தாய் எதிர் அறிவிப்பு அனுப்பினார். ஜூலையில் வீடியோ திரும்ப வந்தது. அவர் அத்துடன் விடவில்லை, வழக்குத் தொடுத்தார். பிராது அனுப்புவதற்கு முன், அந்த உபயோகம் நியாயமான உபயோகமா என்பதை உரிமையாளர் யோசித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர் என்று அப்பீல் கோர்ட்டு சொன்னது 2015-இல். வழக்கு ராஜியில் முடிந்தது 2018-இல். 29 விநாடிக்கு 11 வருஷம்! எத்தனை பேருக்கு அந்தத் தாயின் பிடிவாதமும், பணம் வாங்காமல் வாதாட வக்கீல்களும் கிடைக்கும்?

இதுவரை சொன்னவற்றில் பிராது கொடுத்தவர்கள் மனிதர்கள். இப்பொழுது அந்த வேலையையும் இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. உரிமையாளர்கள் தங்கள் பாட்டுக்களையும் படங்களையும் முன்கூட்டியே தளத்தாரிடம் கொடுத்து வைக்கிறார்கள். ஏறுகிற ஒவ்வொரு வீடியோவையும் இயந்திரம் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்திருந்தால் தடுக்கிறது, அல்லது விளம்பர வருமானத்தை உரிமை கோரியவர் பக்கம் திருப்பி விடுகிறது. யூட்யூப் தானே வெளியிட்ட கணக்கின்படி, 2021-ஆம் வருஷத்தின் முதல் ஆறு மாதங்களில் இவ்விதம் எழுந்த உரிமைக் கோரிக்கைகள் 72 கோடிக்கு மேல். இவற்றில் மறுக்கப்பட்டவை சுமார் 37 லட்சமே. மறுக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு 60, வீடியோவை ஏற்றியவருக்குச் சாதகமாக முடிந்தன.

மறுத்தவர்கள் மிகக் குறைவு. ஆகையால் தவறும் மிகக் குறைவு என்று கம்பெனிக்காரர்கள் வாதிக்கக்கூடும். அதே கணக்கை நாம் வேறு விதமாகவும் படிக்கலாம். வாய் திறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பக்கம் நியாயம் நின்றிருக்கிறது. வாய் திறவாமல் போனவர்களில் எத்தனை பேர் நியாயஸ்தர்கள், எத்தனை பேர் பயந்தவர்கள் என்று கணக்கெடுத்தவர் யார்?

இயந்திரத்தின் புத்திக்கு ஓர் உதாரணம். 2012 ஆகஸ்டில் அமெரிக்காவின் நாஸா ஸ்தாபனம் செவ்வாய்க் கிரகத்தில் 'க்யூரியாஸிட்டி' என்ற ஊர்தியை இறக்கிற்று. அந்தக் காட்சியை நாஸாவே யூட்யூபில் ஏற்றியது. சிறிது நேரத்திற்கெல்லாம், செய்திக் கம்பெனி ஒன்றின் பெயரால் வந்த உரிமைக் கோரிக்கையினால் அது மறைக்கப்பட்டது. செவ்வாய்க்குப் போனவர்களே செவ்வாயைத் திருடியவர்களானார்கள்! ஆஸ்திரேலியாவில் சங்கீத ஆசிரியர் ஒருவர், ராகமோ தாளமோ இல்லாத வெறும் இரைச்சலைப் பத்து மணி நேரம் பதிவு செய்து வைத்திருந்தார். அதன்மீதும் ஐந்து உரிமைக் கோரிக்கைகள் விழுந்ததாக 2018-இல் செய்தி வந்தது.

அதே 2018-இல் ஜேம்ஸ் ரோட்ஸ் என்ற பியானோ வித்வான், பாஹ் இயற்றிய இசையைத் தாமே வாசித்துப் பேஸ்புக்கில் ஏற்றினார். அதில் 47 விநாடிகளை ஸோனி கம்பெனியின் சொத்தென்று சொல்லி ஒலியை அடைத்துவிட்டார்கள். பாஹ் காலமானது 1750-ஆம் வருஷத்தில். இந்த விசித்திரம் எப்படி நேருகிறதென்று சொல்ல வேண்டும். இசை இயற்றியவரின் உரிமை வேறு, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலித்தட்டின் உரிமை வேறு. முன்னது காலாவதியாகி ஊர்ச் சொத்தாகிவிட்ட பிறகும், பின்னது ஒரு கம்பெனியிடம் இருக்கலாம். ஒரே ஸ்வரங்களை இருவர் செம்மையாக வாசித்தால், இது அந்த ஒலித்தட்டுத்தானோ என்று இயந்திரம் மயங்கிவிடுகிறது.

நம்மவர்களுக்கு இது தூரதேசத்துச் சங்கதியன்று. பாரதியாரின் பாடல்களுக்கு நேர்ந்த கதியைத் தமிழ் நாடு மறந்திருக்க முடியாது. அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் அவருடைய கவிதைகளின் உரிமைகள் தனியார் கையில் இருந்தன. பாரதி பாடியதைப் பாடுவதற்குப் பிறரிடம் அனுமதி கேட்பதா என்று தமிழர் கிளர்ந்தெழுந்தனர். 1949-இல் சென்னை சர்க்கார் அந்த உரிமையைப் பெற்றது. பிற்பாடு அது பொதுச் சொத்தாகவே ஆயிற்று. இன்று ஒரு பள்ளிக்கூடச் சிறுமி சுதந்தர தினத்தில் பாரதி பாட்டொன்றைப் பாடி, அதைத் தகப்பனார் இணையத்தில் ஏற்றுகிறாரென்று வைத்துக்கொள்வோம். அதே பாட்டை எப்பொழுதோ ஒலித்தட்டாக்கி வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் பெயரால் இயந்திரம் கைநீட்டினால், சர்க்கார் வாங்கி ஜனங்களுக்குக் கொடுத்ததை இயந்திரம் திரும்பப் பறித்துக்கொண்டதாகத்தானே ஆகும்? பழைய மெட்டு ஒன்றுக்கு வேறொருவர் உரிமை கொண்டாடவும் நியாயம் இருக்கலாம். மெட்டமைத்தவரின் உழைப்பும் உழைப்புத்தான். ஆனால் அதைத் தீர்மானிப்பதற்கு இரண்டு கட்சிகளையும் கேட்டாக வேண்டும்.

இனி நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012-இல் பார்லிமெண்டு திருத்தியபோது, இணையத் தளங்களுக்கென்று 52-ஆவது பிரிவில் ஒரு ஷரத்துச் சேர்க்கப்பட்டது. 2013-ஆம் வருஷத்து விதிகளில் 75-ஆவது விதி அதை விவரிக்கிறது. உரிமையாளர் எழுத்து மூலம் பிராது கொடுக்க வேண்டும். எந்தப் படைப்பு, தமக்கு அதில் உரிமை எப்படி, நகல் எந்த இடத்தில் இருக்கிறது என்பனவற்றைக் காட்ட வேண்டும். சட்டம் அனுமதிக்கும் உபயோகங்களில் அது சேராது என்பதையும் அவரே விளக்க வேண்டும். விமர்சனம், நடப்புச் செய்தி, சொந்த ஆராய்ச்சி ஆகியவற்றுக்காக எடுத்தாளுவதை நம் சட்டம் குற்றமாகக் கருதுவதில்லை அல்லவா? அதற்காகத்தான் இந்த நிபந்தனை. கோர்ட்டில் வழக்குத் தொடுத்து, 21 நாட்களுக்குள் உத்தரவு கொண்டுவருவதாகவும் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். தளத்தார் 36 மணி நேரத்துக்குள் பொருளை மறைக்க வேண்டும். 21 நாட்களில் உத்தரவு வராவிட்டால் திரும்ப வைக்கலாம்.

சில அம்சங்களில் இது அமெரிக்கச் சட்டத்தைவிட மேலானதென்றே நாம் கருதுகிறோம். பிராது கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்று வைத்தது நல்ல யோசனை. சும்மா மிரட்டிப் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு கடிவாளம். மைஸ்பேஸ் தளத்தின்மீது சூப்பர் காஸெட்ஸ் கம்பெனி தொடுத்த வழக்கில், 2016 டிசம்பரில் தில்லி ஹைகோர்ட் பெஞ்சு செய்த முடிவும் நியாயத்தை ஒட்டியதே. "எங்கள் பாட்டுக்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, எல்லாவற்றையும் நீக்குங்கள்" என்று மொத்தமாக ஒரு ஜாபிதாவைக் கொடுத்தால் போதாது. எந்த நகல், எந்த இடத்தில் என்று குறிப்பாகச் சொன்னால்தான் தளத்தாருக்குத் தெரியும் என்று கொள்ள முடியும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆனால் 75-ஆவது விதியைத் தொடக்கம் முதல் கடைசி வரை படித்தாலும் ஒரு மனிதரைக் காணோம். பிராதுதாரர் இருக்கிறார், தளத்தார் இருக்கிறார், கோர்ட்டு இருக்கிறது. பொருளை ஏற்றியவர் எங்கே? அவர் யாரென்று தெரிந்தால் பிராதில் எழுத வேண்டுமாம், அவ்வளவுதான். அவருக்குப் பிராதின் நகலை அனுப்ப வேண்டுமென்றோ, அவர் பதில் கொடுத்தால் தளத்தார் அதைக் கவனிக்க வேண்டுமென்றோ ஒரு வரியும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை விட்டுவிட்டது போல் இருக்கிறது! 21 நாட்கள் கழித்தும்கூடத் தளத்தார் பொருளைத் திரும்ப வைக்கலாம் என்றுதான் விதி சொல்லுகிறது. வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. லாபத்தைக் கருதும் கம்பெனி, வம்பு எதற்கு என்று சும்மா இருந்துவிட்டால் கேட்பதற்கு நாதியில்லை.

இந்தச் சூனியத்தில் அந்நியச் சட்டம் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. பெரிய தளங்கள் அமெரிக்கக் கம்பெனிகளுடையவை. ஆகையால் இந்தியாவிலிருந்து ஏற்றியவருக்கும் அமெரிக்கச் சட்டத்தின்படியான எதிர் அறிவிப்பையே வழியாகக் காட்டுகிறார்கள். அந்தப் படிவத்தில் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் தெரியுமா? தம் உண்மைப் பெயரையும் விலாசத்தையும் கொடுக்க வேண்டும். அவை பிராது கொடுத்தவருக்கு அனுப்பப்படும். பொய்யானால் பொய்ச் சாட்சிக்குரிய தண்டனைக்கு உட்படுவதாக எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அமெரிக்காவுக்கு வெளியே வசிப்பவர், தளத்தாரின் ஸ்தலம் எந்த ஜில்லாவில் உள்ளதோ அந்த அமெரிக்கக் கோர்ட்டின் அதிகாரத்துக்குத் தாம் இணங்குவதாகக் கையெழுத்திட வேண்டும். யூட்யூப் விஷயத்தில் அது கலிபோர்னியா. திருநெல்வேலியில் இருந்துகொண்டு, ஒரு தமிழ்ச் சினிமாவைத் தமிழில் விமர்சனம் செய்து, அதற்காகச் சில விநாடிக் காட்சியை எடுத்துக்காட்டிய வாலிபர், சென்னையிலுள்ள ஒரு கம்பெனிக்குப் பதில் சொல்லுவதற்குக் கலிபோர்னியாவின் கோர்ட்டை ஒப்புக்கொள்ள வேண்டும்! வெள்ளைக்காரன் ஆட்சியில்கூடக் கடைசி அப்பீலுக்குத்தான் லண்டன் பிரிவி கவுன்ஸில். முதல் விசாரணை உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் நடந்தது.

படிவத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "எனக்கெதற்கு இந்த வம்பு?" என்று வாலிபர் விலகிக்கொள்ளுகிறார். ஆனால் விலகினாலும் விடுவதில்லை. 90 நாட்களுக்குள் இவ்விதம் மூன்று பிராதுகள் நிலைத்துவிட்டால், பல வருஷ உழைப்பினால் அவர் வளர்த்த சேனல் முழுவதுமே மூடப்படலாம். சிலருக்கு அது சோற்றுக்கு வழி. இந்தப் பயத்தையே முதலாக வைத்து வியாபாரம் செய்தவர்களும் உண்டு. பொய்ப் பிராது கொடுத்துச் சேனல்காரர்களை மிரட்டிப் பணம் கேட்டதாக, நெப்ராஸ்கா மாநிலத்து ஆசாமி ஒருவர்மீது 2019-இல் யூட்யூபே வழக்குத் தொடுத்தது. அவர் 25,000 டாலர் கொடுக்கவும் மன்னிப்புக் கேட்கவும் இணங்கினார். அங்கே கம்பெனியே முன்வந்ததால் ஒருவர் அகப்பட்டார்.

நம் சட்டத்தில் இதற்குப் பரிகாரமே இல்லையென்று சொல்லிவிட முடியாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு. உரிமை உள்ளதாகச் சொல்லிக்கொண்டு ஆதாரமில்லாமல் ஒருவர் மிரட்டினால், மிரட்டப்பட்டவர் தாமே கோர்ட்டுக்குப் போய், தாம் குற்றம் செய்யவில்லை என்று விளம்புகை பெறலாம். மிரட்டலை நிறுத்தத் தடையுத்தரவும் நஷ்ட ஈடும் கேட்கலாம். மிரட்டியவர் முறைப்படி வழக்குத் தொடுத்து நடத்தினால்தான் இதிலிருந்து தப்பலாம். நல்ல ஆயுதம். ஆனால் கோர்ட்டுக் கட்டணமும் வக்கீல் செலவும் இல்லாமல் அந்த ஆயுதத்தை உறையிலிருந்து உருவ முடியாது. தகவல் தொழில் நுட்பச் சட்ட விதிகளின்படி தளங்களில் குறைதீர் அதிகாரிகள் உண்டு. அவர்கள் முடிவின்மேல் அப்பீல் கேட்கக் கமிட்டிகள் அமைக்க 2022-இல் விதி செய்யப்பட்டது. பதிப்புரிமைப் பிராதில் சிக்கியவருக்கு அங்கே என்ன பலன் கிடைக்கும் என்பது அந்தக் கமிட்டிகள் எவ்வளவு அக்கறை காட்டுகின்றன என்பதைப் பொறுத்தது.

ஐரோப்பிய நாடுகள் 2019-இல் செய்த பொது விதியில், இயந்திரத்தின்மேல் ஐயம் வைத்து ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். நீக்கப்பட்டவர் ஆட்சேபித்தால், பிராதுதாரர் தக்க காரணம் காட்ட வேண்டும். நீக்கும் முடிவை ஒரு மனிதர் பார்த்தாக வேண்டும் என்று அதன் 17-ஆவது ஷரத்துச் சொல்லுகிறது. அந்த ஷரத்தில் நாம் ஏற்காத அம்சங்கள் உண்டு. தளங்களின்மீது அது சுமத்தும் பொறுப்பே வடிகட்டும் இயந்திரங்களை இன்னும் பெருக்கும் என்று அஞ்சுகிறவர்கள் சொல்லுவதில் உண்மையிருக்கிறது. எனினும் மனிதர் பார்க்க வேண்டும் என்ற அந்த ஒரு வரியை இரவல் வாங்குவதில் நமக்கு வெட்கம் வேண்டியதில்லை.

இந்திய சர்க்கார் செய்ய வேண்டியது சட்டத்தை மாற்றுவதுகூட அன்று. 75-ஆவது விதியில் சில வாக்கியங்கள் சேர்த்தால் போதும். பொருளை மறைத்த அன்றைக்கே பிராதின் நகலை ஏற்றியவருக்கு அனுப்ப வேண்டும். அவர் தமிழிலோ, தாம் அறிந்த வேறு இந்திய பாஷையிலோ பதில் எழுத இடமிருக்க வேண்டும். அந்தப் பதிலுக்காக அவர் எந்த அந்நியக் கோர்ட்டையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 21 நாட்களில் கோர்ட்டு உத்தரவு வராவிட்டால், திரும்ப வைக்கலாம் என்பது திரும்ப வைக்க வேண்டும் என்று ஆக வேண்டும். பிராதுதாரருக்காக 36 மணி நேரத்தில் ஒரு வீடியோவை மறைக்கச் சக்தியுள்ள கம்பெனிகள், அதே 36 மணி நேரத்தில் ஒரு கடிதத்தின் நகலை அனுப்ப முடியாதென்று சொல்லுமானால், அதற்கு அவர்கள் கூறும் காரணத்தைக் கேட்க நாம் ஆவலாயிருக்கிறோம்.